தார் பாலைவனத்து மின்சாரம்: தகடு மாட்டிய பிறகு தொடங்கும் வேலை

டெல்லியில் இருக்கும் நம் வீடுகளுக்குள் ராஜஸ்தான் பாலைவனம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, மே, ஜூன் மாதங்களில் அடிக்கும் ஆந்தி எனும் புழுதிப்புயல். கரோல் பாக் மொட்டை மாடியிலும் மயூர் விஹார் பால்கனியிலும் காயும் துணிமேல் அரை மணி நேரத்தில் படிந்துவிடும் அந்தப் புழுதியில் தார் மணலும் கலந்திருக்கிறது. இன்னொரு வழி மின்கம்பி. பட்லா, பத்தேகர், பிகானேர் பகுதிகளில் பகலில் பிறக்கும் சூரிய மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து வட இந்தியாவின் மின் தொகுப்பில் கலக்கிறது. அதன் ஒரு பங்கில்தான் நம் வீட்டு ஏசியும் ஓடுகிறது.

2016 மே 19 அன்று பலோதியில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. இந்தியாவில் அதுவரை அத்தனை வெப்பம் பதிவானதில்லை. அந்தப் பலோதி வட்டாரத்தில்தான் 14,000 ஏக்கர் பரப்பில் 2,245 மெகாவாட் திறனுள்ள பட்லா சூரிய மின் பூங்கா இருக்கிறது. 2017 மே மாதம் அந்தப் பூங்காவுக்காக நடந்த ஏலத்தில் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கியது. 2020 நவம்பரில் ராஜஸ்தானுக்கான மற்றோர் ஏலத்தில் சரியாக 2 ரூபாய். இறக்குமதிச் சூரியத் தகடுகளுக்கு வரி வந்தபிறகு விலை கொஞ்சம் ஏறியது. ஆனாலும் புதிதாகக் கட்டும் எந்த அனல் மின் நிலையமும் அந்த விலையை எட்டிப்பிடிக்க முடியாது. மாநிலம் நிலக்கரியை விட்டு வெயிலுக்கு மாற வேண்டுமா என்ற கேள்வியை விலையே தீர்த்துவிட்டது. எப்படி மாறுவது என்பதில்தான் இன்னும் தவறு நடக்கிறது. எல்லார் கண்ணும் தகட்டின்மேல் இருக்கிறது. கம்பி, மாலை நேரச் சேமிப்பு, தண்ணீர், மேய்ச்சல் நிலம் ஆகிய நான்கும் தகட்டுக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டியவை, பின்னால் யோசிக்கப்படுகின்றன.

முதலில் பழைய வழி எப்படியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். ராஜஸ்தானில் பழுப்பு நிலக்கரி உண்டு, நல்ல நிலக்கரி கிடையாது. பிகானேர் அருகே பர்சிங்சரில் 250 மெகாவாட் பழுப்பு நிலக்கரி நிலையத்தை நடத்துவது நம் நெய்வேலி நிறுவனம்தான். அதே இடத்தில் 300 மெகாவாட் சூரிய மின் திட்டத்தையும் அது எடுத்திருக்கிறது. ஆனால் சூரத்கர், கோட்டா, சப்ரா, காலிசிந்த் போன்ற பெரிய நிலையங்களுக்கு வெளியிலிருந்து கரி வர வேண்டும். ராஜஸ்தானின் மின் உற்பத்திக் கழகத்துக்கு ஒதுக்கப்பட்ட சுரங்கம் சத்தீஸ்கரின் சர்குஜா மாவட்டத்தில், ஹஸ்தேவ் காட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து சூரத்கருக்கு ரயில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும்.

1,000 மெகாவாட் நிலையம் ஒன்று எழுபது விழுக்காடு ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.68 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு 650 முதல் 700 கிராம் கரி. ஆக ஒரு நாளுக்கு 11,000 டன்னுக்கு மேல். ஒரு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் ஏற்றும் என்றால் தினமும் மூன்று ரயில். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியானால் மூன்றில் ஒரு ரயில் கல்லையும் மண்ணையும் சுமந்து பாதி நாட்டைக் கடந்து வருகிறது. ஒரு மழைக்காலம் சுரங்கத்தை நனைத்தால், ஒரு பெட்டித் தட்டுப்பாடு வந்தால், ஜெய்ப்பூரில் மின்வெட்டு.

தண்ணீர்க் கணக்கு இதைவிட அழுத்தமானது. 2015இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்த வரம்பின்படி பழைய அனல் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டர் தண்ணீர் வரை எடுக்கலாம். மேலே சொன்ன 1,000 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 613 கோடி யூனிட் தந்தால் தண்ணீர்த் தேவை ஏறத்தாழ 2,150 கோடி லிட்டர். சூரத்கர் அதை இந்திரா காந்தி கால்வாயிலிருந்து எடுக்கிறது. இமயமலையிலிருந்து இறங்கி பஞ்சாப் வழியாகப் பாலைவனத்துக்குள் வரும் அந்தத் தண்ணீர்தான் அந்தப் பக்கத்துக் குடிநீரும்.

சூரிய மின் நிலையத்துக்குத் தகடு கழுவ மட்டும் தண்ணீர் வேண்டும். 1,000 மெகாவாட் நிலையத்தில், 540 வாட் தகடுகளில், வெளியே அனுப்பும் மாறுமின் (ஏசி) திறனைப்போலத் தகடுகளின் நேர்மின் (டிசி) திறனை 1.4 மடங்கு வைத்துக் கட்டினால் சுமார் 26 லட்சம் தகடுகள். தகட்டுக்கு இரண்டு லிட்டர், மாதம் இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 12 கோடி லிட்டர். ஆண்டுக்கு 219 கோடி யூனிட் பிறந்தால் யூனிட்டுக்கு 0.055 லிட்டர்தான். கழுவும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் உப்புத் தண்ணீரையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் அனல் நிலையத்தின் தேவையில் முப்பதில் ஒரு பங்கு. பாலைவன மாநிலம் ஒன்று நிலக்கரியை விடுவதற்கு இந்த ஒரு கணக்கே போதும் என்பது என் கருத்து. காற்று மாசும் கார்பனும் பிறகு பேச வேண்டியவை.

வெப்பம் கூடினால் மின்சாரம் கூடிவிடாது

பாலைவனம் என்றாலே தகட்டுக்குச் சொர்க்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்கு எதிரி. தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் அளவு, சிலிக்கான் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் எடுத்தது. காற்று 45 டிகிரி இருக்கும் ஒரு மே மாத நண்பகலில் கண்ணாடிக்குள் இருக்கும் சில்லு 70, 72 டிகிரிக்குப் போய்விடும். பழைய பெர்க் வகைத் தகடு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 விழுக்காடு இழக்கும்; 47 டிகிரி வித்தியாசத்துக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். 550 வாட் தகடு 460 வாட் தரும். புதிய டாப்கான் வகையில் இழப்பு 0.30 அளவில் இருப்பதால் அதே தகடு 472 வாட் தரும். 12 வாட் சின்னதாகத் தெரியலாம். 26 லட்சம் தகட்டால் பெருக்கினால் 31 மெகாவாட். நிலையான சாய்வில் நிற்கும் தகடுகளுக்கு மேற்கு ராஜஸ்தானில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் பொற்காலம். வானம் தெளிவாக, காற்று குளிர்ச்சியாக, வெயில் போதுமானதாக இருக்கும்.

குளிரும் வேறொரு தொல்லை தரும். தகடுகளை ஒன்றோடொன்று தொடராக இணைத்து வரிசை கட்டுவார்கள். தகட்டின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரும் கேபிளும் தாங்கும் உச்சம் 1,500 வோல்ட். தகடு ஒன்று 25 டிகிரியில், சுமை இல்லாதபோது 50 வோல்ட் காட்டினால் 30 தகடு போடலாமே என்று தோன்றும். ஆனால் குளிரக் குளிர வோல்ட் ஏறும், டிகிரிக்கு 0.26 விழுக்காடு. ஜனவரி விடியலில் பிகானேரில் பூஜ்ஜியம் டிகிரி என்றால் தகடு ஒன்றுக்கு 53.25 வோல்ட். முப்பதும் சேர்ந்து 1,597. முதல் வெளிச்சம் விழுந்து, இன்வெர்ட்டர் இன்னும் மின்சாரத்தை இழுக்கத் தொடங்காத அந்தச் சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்கள் வரம்பைத் தாண்டிய அழுத்தத்தைச் சுமக்கும். உடனே வெடிக்காது, இரண்டு மூன்று குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகப் போகும், உத்தரவாதமும் செல்லாது. சரியான எண் 28. அதில் 1,491 வோல்ட்தான். அதே 28 தகடு மே நண்பகலில், சுமையோடு ஓடும்போது, தகட்டுக்கு 35.5 வோல்ட்டாக இறங்கி 994 வோல்ட் தரும். இன்வெர்ட்டர் வேலை செய்யும் கீழ் எல்லை அதற்கும் கீழே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் பூஜ்ஜியத்துக்கும் 48 டிகிரிக்கும் இடையே கணக்குப் போட வேண்டியிருப்பதுதான் தாரின் சிக்கல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இந்தத் தலைவலி கிடையாது; அங்கே குளிர் என்று சொல்லும்படி ஒன்று இல்லை.

இன்வெர்ட்டருக்கும் வெப்பம் ஆகாது. 45, 50 டிகிரிக்கு மேல் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே உற்பத்தியைக் குறைக்கும். காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருந்தால் அதற்கும் முன்பே குறைக்கும். ஆந்திக் காலத்தில் வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யாத நிலையங்களில், மதியம் ஒரு மணிக்கு உற்பத்தி வரைபடம் மொட்டையாக வெட்டியது போல இருக்கும். தகடு பழுது என்று ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். பழுது வடிகட்டியில் இருக்கும்.

தகடு வராமல் கண்ணாடி வந்த கதையும் சொல்லப்பட வேண்டியது. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய மின் இயக்கத்தின் முதல் கட்டத்தில், வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும் திட்டங்களுக்கு 470 மெகாவாட் ஒதுக்கினார்கள். பெரும்பாலானவை ராஜஸ்தானில். நோக்கில் 50 மெகாவாட், துர்சரில் 125 மெகாவாட் எனச் சிலவே கட்டி முடிந்தன. குவிக்கும் கண்ணாடிக்கு நேராக வரும் கதிர் மட்டுமே உதவும். தாரின் வானத்தில் மிதக்கும் நுண்புழுதி கதிரைச் சிதறடித்துவிடுகிறது. சிதறிய ஒளியைச் சிலிக்கான் தகடு வாங்கிக்கொள்ளும், கண்ணாடி வாங்காது. தரையில் அளக்காமல் செயற்கைக்கோள் மதிப்பீட்டை நம்பிக் கணக்குப் போட்டதில் பல திட்டங்கள் தடுமாறின. ஓராண்டாவது அந்த இடத்திலேயே கருவி வைத்து அளக்காமல் எந்தக் கணக்கையும் நம்பக் கூடாது என்பதற்கு நல்ல பாடம் அது.

புழுதி

மேற்கு ராஜஸ்தானில் கழுவாத தகடு ஒரு நாளைக்கு 0.3 முதல் 0.5 விழுக்காடு உற்பத்தியை இழக்கும். இரண்டு வாரம் விட்டால் ஐந்தாறு விழுக்காடு. ஓர் ஆந்தி ஒரே மாலையில் அதைவிடக் கூடுதலாகப் பறித்துவிடும். மழை கழுவிவிடும் என்று இருக்க முடியாது. பெரும்பாலும் நான்கு தூறல் விழும். புழுதியைச் சேறாக்கிவிட்டுப் போய்விடும். நல்ல மழை ஆண்டுக்குச் சில நாட்கள்தான்.

மோசமானது குளிர்காலப் பனி. தார் மண்ணில் சுண்ணாம்புச் சத்து உண்டு. இரவில் தகட்டின்மேல் பனி இறங்கும், புழுதி நனையும், காலை வெயிலில் காயும். இப்படிப் பத்து நாள் நடந்தால் அது புழுதியாக இருக்காது, பூச்சு மாதிரி இறுகிவிடும். தகட்டின் கீழ் விளிம்பில்தான் இது அதிகம், ஏனென்றால் வழியும் ஈரம் சட்டத்தில் வந்து நிற்கிறது. கீழ் வரிசைச் சில்லுகள் மட்டும் மறைந்தால் இழப்பு அந்த வரிசையோடு நிற்பதில்லை. நிழல் விழுந்த சில்லு மின்சாரத்தைத் தடுத்துச் சூடாகும். தகட்டின் பின்னால் இருக்கும் டயோடு அந்தப் பகுதியை மின்சாரம் தாண்டிச் செல்ல வழி கொடுக்கும். மூன்றில் ஒரு பங்கு தகடு கணக்கிலிருந்தே போய்விடும்.

கழுவுவதற்கு நேரம் உண்டு. நண்பகலில் 70 டிகிரி கண்ணாடியில் நிலத்தடித் தண்ணீரை அடித்தால் கண்ணாடி விரிசல் விடும். இரவு அல்லது சூரியன் ஏறுமுன். கிடைத்த தண்ணீரெல்லாம் ஆகாது. அப்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கம். அதை அப்படியே அடித்தால் நம் வீட்டு கீசருக்குள் படிவது போன்ற வெள்ளைப் படலம் தகட்டின்மேல் படியும், பிறகு எந்தத் தூரிகைக்கும் அசையாது. அதனால் ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. கழிக்கும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் விட்டால் அந்த இடத்தில் புல் முளைக்காது. கழுவுபவர்கள் தகட்டின்மேல் கால் வைக்கவே கூடாது. மேலே எதுவும் தெரியாது. உள்ளே சில்லுகளில் மயிரிழை விரிசல் விழுந்து இரண்டு ஆண்டு கழித்துச் சூட்டுப் புள்ளியாக வெளிவரும்.

இப்போது தண்ணீரில்லாத் துடைப்பு ரோபோக்கள் பரவியிருக்கின்றன. வரிசைக்கு ஒன்று. தகட்டுச் சட்டத்தின் விளிம்பைத் தண்டவாளமாகக் கொண்டு, மென்நார்த் தூரிகையைச் சுழற்றியபடி ஓடும். தன் சொந்தச் சிறு தகட்டில் பேட்டரி ஏற்றிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு, தண்ணீர்க் கணக்கையே ஏறக்குறைய இல்லாமலாக்குகிறது. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. பனி இறங்கிய தகட்டில் ஓடினால் சேற்றைப் பூசிவிடும். ஆகவே குளிர்காலத்தில் முன்னிரவிலேயே ஓட்டி முடிக்க வேண்டும். தகடுகளைத் தாங்கும் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் இடையே பாலம் போல வைக்கும் சட்டம் வெப்பத்தில் கோணினால் ரோபோ நடுவில் சிக்கி நிற்கும், காலையில் அதன் நிழலே பத்துத் தகட்டைக் கெடுக்கும். தூரிகையின் நார் தேய்ந்து கடினமானால் கண்ணாடியின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை உரசி எடுத்துவிடும். மாற்றுத் தூரிகை, மாற்று பேட்டரி இரண்டையும் கையிருப்பில் வைக்காத நிலையத்தில் மூன்றாம் ஆண்டிலேயே ரோபோக்கள் வரிசை முனையில் துருப்பிடித்து நிற்கும்.

தரையைப் பற்றியும் கொஞ்சம். பிகானேர்ப் பக்கம் மணல் நகரும். தகட்டைத் தாங்கும் தூணின் அடியில் காற்று மணலை அரித்தால் நிலத்துக்குள் இருக்கும் நீளம் குறைந்து, புயல் வீச்சில் தூண் ஆடும். ஜெய்சல்மேர்ப் பக்கம் அரை மீட்டரிலேயே பாறை. துளையிடாமல் தூணை அடித்து இறக்கினால் தலை வளையும். எங்கே எது என்று ஏக்கருக்கு ஏக்கர் இழுவைச் சோதனை செய்து பார்த்துத்தான் அடித்தளம் முடிவாக வேண்டும். பாலைவன எலிகள் கேபிளின் மேலுறையைக் கடிக்கும். கேபிளைக் குழாய்க்குள் விட்டு முனைகளை அடைக்க வேண்டும். வெவ்வேறு கம்பெனிகளின் இணைப்பிகளைச் சேர்த்து மாட்டுவது இன்னொரு தவறு. பார்க்க ஒன்று போலப் பொருந்தும், உள்ளே தொடுபரப்பு குறைந்து உருகும். வெயில் நிலையங்களில் பிடிக்கும் தீயில் கணிசமானது இந்தச் சின்னப் பொருளில் தொடங்குகிறது.

கம்பியும் மாலையும்

இதுவரை சொன்னவை பொறியியலாளர் கைக்குள் அடங்குபவை. இனிச் சொல்வது அப்படியல்ல.

சூரிய மின் நிலையம் ஒன்றை ஒன்றரை ஆண்டில் கட்டிவிடலாம். அதன் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் 765 கிலோவோல்ட் கம்பித் தடத்துக்கு நில அனுமதி, வன அனுமதி, கோபுரம், மின்மாற்றி எல்லாம் சேர்ந்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காலம் ஆகிறது. நடுவில் கட்டி முடிந்த நிலையங்கள் தற்காலிக அனுமதியில் தொகுப்போடு இணைகின்றன. தடம் நிரம்பினால் முதலில் நிறுத்தச் சொல்வது இவற்றைத்தான். 2025இல் ராஜஸ்தானின் பல நிலையங்கள் வெயில் உச்சத்தில் இருக்கும் மதிய நேரத்தில் உற்பத்தியை நிறுத்தி வைக்க நேர்ந்தது. வேறெங்கோ அதே நேரத்தில் கரி எரிந்துகொண்டிருந்தது. அனல் நிலையத்தை முழுதாக அணைத்து மாலையில் மறுபடி ஏற்ற முடியாது. குறைந்தபட்சம் 55 விழுக்காட்டில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலவசமாக வந்த வெயிலை வீணாக்கி விலைகொடுத்து வாங்கிய கரியை எரித்ததைப் பார்க்கும்போது, தகட்டுக்கு ஏலம் விட்ட அன்றே கம்பிக்கும் ஏலம் விட்டிருக்க வேண்டும் என்ற கோபம் வரத்தான் செய்கிறது.

இப்போது பட்லாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் பத்தேபூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம், 6,000 மெகாவாட் திறனில் திட்டமாகியிருக்கிறது. இதே அளவுள்ள தடம் நமக்குத் தெரிந்ததுதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 1,765 கிலோமீட்டர் ஓடும் தடம் 2021 முதல் இயங்குகிறது. கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போட்ட அந்தத் தடத்தில், காற்று வீசும் மாதங்களில் எதிர்த்திசையிலும் மின்சாரத்தை அனுப்பலாம். இருதிசையிலும் ஓடும் தடம் என்பதை முதலிலேயே வடிவமைத்ததால்தான் அது முடிகிறது.

கம்பி இருந்தாலும் தொகுப்பு நிலையாக நிற்க வேண்டும். அனல் நிலையத்தில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலி சுற்றுகிறது; எங்காவது கம்பியில் கோளாறு வந்தால் அந்தச் சுழலியின் வேகமே சில நொடி தாங்கும். இன்வெர்ட்டரில் சுற்றுவது எதுவும் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, வோல்ட் வழக்கமான அளவில் 15 விழுக்காடாக விழுந்தாலும் 300 மில்லிநொடி வரை இன்வெர்ட்டர் இணைந்தே நிற்க வேண்டும். சிக்கல் அதற்கு அடுத்த கணத்தில் வருகிறது. கோளாறு விலகியதும், வோல்ட்டைத் தூக்கிவிட எல்லா நிலையங்களும் சேர்ந்து அனுப்பிய எதிர்வினை மின்திறன் இன்னும் குறையாமல் இருக்க, வோல்ட் மேலே எகிறும். 110 முதல் 120 விழுக்காடு வரை இரண்டு நொடி தாங்க வேண்டும் என்பது விதி. பல நிலையங்களில் அந்த அமைப்பு தவறாக இருந்து வரிசையாகக் கழன்றுகொள்ளும். ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான மெகாவாட் காணாமல் போன சம்பவங்கள் மேற்கு ராஜஸ்தானில் நடந்திருக்கின்றன. பட்லா, பத்தேகர், பிகானேர் துணை மின் நிலையங்களில் ஸ்டாட்காம் எனும் வோல்ட் சமன்படுத்திகள் வைத்தது இதற்காகத்தான். மூடப்போகும் அனல் நிலையங்களின் மின்னாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு, கரியில்லாமல் சும்மா சுழலவிட்டால் அதுவும் இதே உதவியைச் செய்யும். பழைய இரும்பை ஏலம் விடுமுன் இதை யோசிக்க வேண்டும்.

மாலைக்கு வருவோம். ராஜஸ்தானில் வெயில் ஆறு ஏழு மணிக்கு இறங்குகிறது. டெல்லிக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த உச்சத்தை வெயிலே தாங்கும். ஆனால் கோடையில் இரவு பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு இன்னோர் உச்சம் வருகிறது, எல்லாப் படுக்கையறையிலும் ஏசி ஓடும் நேரம். தகடு அதைத் தொடாது. பேட்டரி தொடும். 2022இல் ராஜஸ்தானுக்கு விடப்பட்ட 500 மெகாவாட், 1,000 மெகாவாட்மணி பேட்டரி ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 10.84 லட்சம் ரூபாய் கேட்டார்கள். மூன்றே ஆண்டில், மானியத்தோடு வந்த ஏலங்களில், மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பேட்டரி விலை அதிகம் என்ற பழைய பதில் இனிச் செல்லாது.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பாலைவனத்திலேயே வைத்தால் மதியம் நிரம்பி வழியும் கம்பி இரவில் காலியாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். புதுத் தடத்துக்கான அவசரம் குறையும். ஆனால் 48 டிகிரியில் பேட்டரியை 25, 30 டிகிரியில் வைத்திருக்கக் குளிரூட்டி ஓட வேண்டும், அதற்கே சேமித்ததில் ஒரு பங்கு போகும். பெட்டிக்குள் புழுதி புகாமல் காக்க வேண்டும். டெல்லியில் வைத்தால் உள்ளூர் மின்மாற்றிக்கு உதவும். தென் டெல்லியில் கிலோக்ரி துணை மின் நிலையத்தில் 20 மெகாவாட், 40 மெகாவாட்மணி பேட்டரி 2025இல் வந்தது இந்த வகை. ராஜஸ்தானில் பெரும்பகுதியும் டெல்லியில் மின்மாற்றி திணறும் இடங்களில் மட்டும் சிறுபகுதியும் என்பதே சரி என்று நினைக்கிறேன்.

காற்றாலையை மறந்துவிடக் கூடாது. ஜெய்சல்மேரில் 2001 முதல் நிறுவிய காற்றாலைகள் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியவை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், மாலையிலும் இரவிலும் அவை ஓடுகின்றன. முப்பந்தலும் கயத்தாறும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய நிலையங்கள், வயல் ஓரத்தில்

ராஜஸ்தானின் உச்சத் தேவை கோடையில் இல்லை. கோதுமைக்கும் கடுகுக்கும் தண்ணீர் பாய்ச்சும் டிசம்பர், ஜனவரியில். விவசாய மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம், முறைவைத்து, பல ஊர்களில் இரவில் வரும். உறையும் குளிரில் நள்ளிரவில் வாய்க்கால் மடை திருப்ப விவசாயி நிற்க வேண்டும். பகலில் மின்சாரம் கொடுத்தால் அது வெயிலோடு அப்படியே பொருந்தும்.

விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டமான பி.எம். குசுமின் முதல் பிரிவில், விவசாயியின் சொந்தத் தரிசில் கட்டிய நாட்டின் முதல் நிலையம் அப்போது ஜெய்ப்பூர் மாவட்டத்தில் இருந்த கோட்புத்லி வட்டம் பாலோஜி கிராமத்தில் 2021இல் வந்தது. மூன்றரை ஏக்கர், ஒரு மெகாவாட், ஆண்டுக்கு 17 லட்சம் யூனிட். அதன் அழகு என்னவென்றால் மின்சாரம் அருகிலிருக்கும் 33/11 கிலோவோல்ட் துணை மின் நிலையத்துக்குப் போய் அந்த வட்டாரத்துப் பம்புகளிலேயே முடிந்துவிடுகிறது. 765 கிலோவோல்ட் தடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வழியில் வீணாகும் மின்சாரமும் குறைவு.

கவனிக்க வேண்டியது இணைப்பு. செலவைக் குறைக்க, ஓடிக்கொண்டிருக்கும் 11 கிலோவோல்ட் கிராமத் தடத்திலேயே நடுவில் இணைத்தால், அந்தத் தடம் பழுதாகும் ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டர் நின்றுவிடும். பாதுகாப்புக்காக அது நின்றே ஆக வேண்டும். கிராமத் தடம் ஒரு நாளில் எத்தனை முறை போகும் என்பது ஊருக்கே தெரியும். துணை மின் நிலையத்தில் தடங்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கடத்திப் பட்டைவரை தனித் தடம் இழுத்துவிட்டால் இந்த இழப்பு இல்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் கம்பிக்கான பணம் ஓரிரு ஆண்டில் திரும்பும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ராஜஸ்தான் ஏற்கெனவே நிலத்தடி நீரை ஆண்டு ஊறலைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடுக்கிறது. செலவில்லாத சூரியப் பம்பு கையில் இருந்தால் மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணமில்லை. தனித்தனிப் பம்பைவிடத் துணை மின் நிலையத்தோடு இணைந்த நிலையம் எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். மின்சாரத்தை விற்கவும் வழியிருந்தால், தண்ணீரை இறைக்காமல் விடுவதிலும் விவசாயிக்கு வருமானம் இருக்கும்.

ஜோத்பூரில் உள்ள மத்திய வறட்சி மண்டல ஆராய்ச்சி நிறுவனம், காஸ்ரி, 105 கிலோவாட் தகடுகளுக்கு இடையே பாசிப்பயறு, நரிப்பயறு, சீரகம், இசப்கோல் பயிரிட்டுப் பார்த்திருக்கிறது. தகட்டின் மேல் விழும் மழையை வடிகாலில் பிடித்துத் தொட்டியில் சேர்க்கிறார்கள். தகடு கழுவவும் மிஞ்சியதைப் பயிருக்கும் அதுவே. பெரிய பூங்காக்களில் இதில் பாதியையாவது செய்ய முடியும்.

யாருடைய தரிசு

வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருப்பதை வைத்துத்தான் பாலைவனத்தில் நிலம் ஒதுக்கப்படுகிறது. நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் சிக்கல் விளங்கும். யார் பெயரிலும் இல்லை, ஆனால் ஊர் முழுக்க அதை நம்பி ஆடு மாடு வளர்க்கிறது. அதிலும் ஓரண் எனப்படும் நிலங்கள் நம் கோயில்காடுகளுக்குச் சமம்: சாமி பெயரில் விட்ட காடு, மேய்க்கலாம், கோடரி வைக்கக் கூடாது. ஜெய்சல்மேரில் தேக்ராய் ஓரண் போன்றவற்றின் வழியாக மின் தடங்கள் போகின்றன. பல ஓரண்கள் பதிவேட்டில் ஓரண் என்றே ஏறவில்லை, அதனால் தரிசாகிவிட்டன. நிலம் ஒதுக்குமுன் ஓரண்களை அளந்து பதிவில் ஏற்றுவது சில மாத வேலை. அதைச் செய்யாமல் ஒதுக்கிவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள்.

அங்கே வெட்டப்படும் கேஜ்ரி மரம் நமக்கு அந்நியமல்ல. நம் சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி. அதன் காய்தான் சாங்ரி, இலை ஆட்டுக்கு, நிழலில் பயிர் நன்றாக வரும். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களைக் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய்கள் உயிர்விட்டார்கள் என்று அந்த மக்கள் இன்றும் நினைவு கொண்டாடுகிறார்கள். பிகானேரில் சூரியப் பூங்காவுக்காக வன்னி வெட்டப்படும்போது அவர்கள் தெருவில் இறங்குவதில் வியப்பில்லை. தகடு வரிசைக்கு நடுவே நிற்கும் மரத்தைச் சுற்றி இடைவெளி விட்டு வடிவமைத்தால் நிழலால் இழப்பது மிகச் சிறிய பங்கு. மின்சார நிறுவனங்கள் அதை ஏலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கானமயிலைப் பற்றியும் நேராகவே பேச வேண்டும். காட்டில் ஏறத்தாழ 150 பறவைகள்தான் மிச்சம், பெரும்பாலும் ஜெய்சல்மேரில். பதினைந்து கிலோ வரை எடையுள்ள பறவை. பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், முன்னால் பார்வை குறுகல். கம்பி தெரியும்போது திரும்ப முடியாது, மோதிவிடும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பரவலாக மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. 765 கிலோவோல்ட் மாறுமின் தடத்தை நெடுந்தூரம் புதைக்க முடியாது என்பது உண்மை. கேபிளே மின்தேக்கியாகிப் பெரும் மின்னோட்டத்தைத் தின்றுவிடும். ஆனால் நிலையத்துக்குள்ளும் நிலையத்திலிருந்து சேகரிப்பு மையம்வரையும் ஓடும் 33 கிலோவோல்ட் தடங்களைப் புதைக்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. பெரிய தடத்தைக் காரணம் காட்டிச் சின்னத் தடத்தையும் மேலேயே விட்டுவிடுவது நேர்மையான வாதம் அல்ல.

டெல்லியில் இருந்துகொண்டு

மதியம் வெயில் மின்சாரம் வீணாகும் நாட்டில், மதியம் மின்சாரம் மலிவாக இருக்க வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட மத்திய விதியும் வெயில் நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிட இருபது விழுக்காடாவது குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் டெல்லியின் 2021 கட்டண ஆணையில் மே முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இரண்டு முதல் ஐந்து மணி வரை உச்ச நேரம். இருபது விழுக்காடு கூடுதல் கட்டணம். சலுகையோ அதிகாலை நான்கு முதல் காலை பத்து வரை. தார் தகடுகள் பெருகுவதற்கு முந்தைய தொகுப்பை மனத்தில் வைத்து எழுதியது போலிருக்கிறது அது. இரவு பத்து முதல் ஒரு மணி வரை கூடுதல் கட்டணம் என்பது சரி, அதை வைத்துக்கொள்ளலாம். பகல் பத்து முதல் மூன்று மணிவரை சலுகைக்கு மாற வேண்டும். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணைக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். குடியிருப்போர் சங்கங்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் இதுவே.

துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ ஒரு சொசைட்டியில் பத்துக் குதிரைத்திறன் பம்பு தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் 22 யூனிட். குடிநீர் வாரியத் தண்ணீர் அதிகாலையில் கீழ்த்தொட்டியில் விழுகிறது. மேல்தொட்டிக்கு அதை உடனே ஏற்ற வேண்டும் என்பதில்லை. மேல்தொட்டி ஒன்றரை நாள் தேவையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்கினால் பம்புப் பலகையில் ஒரு டைமர் போதும்: பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள். கீழ்த்தொட்டி காலியானால் பம்பு வறண்டு ஓடாமல் நிறுத்தும் மிதவை சுவிட்ச் அதோடு கட்டாயம். வாகன நிறுத்தத்தில் மின் ஸ்கூட்டர் ஏற்றும் இணைப்புகளையும் அதே டைமரில் போடலாம்; பகலில் வண்டி வீட்டில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் ஒரு கணக்கு எடுத்துவிட்டு.